ஹாங்காங்கின் மலிவு விலை பேக்கரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாங்காங்கிற்குச் சுற்றுலாவாகப் போகிறவர்களுக்கும், வேலை நிமித்தம் அங்கே குடியேறுகிறவர்களுக்கும் பயன்படும் வகையில் இக்கேள்விகள் தொகுக்கப்பட்டுள்ளன. தெருவோரச் சிறு பேக்கரியில் என்ன கிடைக்கும், எதில் என்ன கலந்திருக்கும், எந்த நேரத்தில் போனால் நல்லது என்பவையே இங்கே பேசப்படுகின்றன. ஓட்டல்களில் இருக்கும் உயர்ரக இனிப்பகங்கள் வேறு வகை. அவற்றைப் பற்றி இங்கே எதுவும் இல்லை.

எப்படிப்பட்ட கடையைத் தேடிப் போக வேண்டும்?

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தரைத்தளத்திலும், காய்கறிச் சந்தைக்குப் பக்கத்திலும், மெட்ரோ நிலைய வாசல்களிலும் இருக்கும், உட்கார இடமே இல்லாத, வாங்கிக்கொண்டு போவதற்கு மட்டுமேயான கடைகளையே இங்கே சொல்கிறோம். ஒரு பக்கம் கண்ணாடித் தட்டுகளில் பன்களும், மாவுக் கிண்ணத்துக்குள் பூரணம் வைத்துச் சுட்ட டார்ட்டுகளும் அடுக்கப்பட்டிருக்கும். கல்லாவுக்குப் பின்னால் ஒரு குறுகிய கதவும், அதற்கு அப்பால் ஓவனும் இருக்கும். மாக்சிம்ஸ், செயின்ட் ஹானரே போன்ற பெயர் பெற்ற நிறுவனங்களின் கிளைகளும் இதே வகைதான் என்றாலும், அவற்றின் பண்டங்களில் பல மையக் கூடத்தில் தயாராகிக் கிளைகளுக்கு வருகின்றன. சுவைக்காகப் போகிறீர்கள் என்றால், பின்கட்டில் ஓவன் எரியும் தனிக்கடையைத் தேர்ந்தெடுங்கள். பெயர்ப்பலகையில் ஆங்கிலமும் இருக்க வேண்டும், கல்லாவில் கேள்வி கேட்க வேண்டும் என்றால் கிளைக்கடை வசதியாக இருக்கும்.

கடைக்குள் நுழைந்ததும் என்ன செய்ய வேண்டும்?

பெரும்பாலான கடைகளில் வாசலருகே பிளாஸ்டிக் தட்டுகளும் இடுக்கிகளும் வைக்கப்பட்டிருக்கும். ஒரு தட்டையும் ஓர் இடுக்கியையும் எடுத்துக்கொண்டு, வேண்டியவற்றை நீங்களே எடுத்து வைத்து, கல்லாவில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கையால் தொடுவதும், இடுக்கியால் அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பதும் கூடாது. பக்கத்தில் நிற்பவர்கள் ஒன்றும் சொல்லாமலே முகத்தைச் சுளிப்பார்கள். எல்லாவற்றையும் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கும் பழைய கடைகளில் விரலால் சுட்டிக் காட்டி, எத்தனை என்று விரலாலேயே எண்ணிக் காட்டினால் போதும்.

கல்லாவில் இருக்கும் பெண்மணி ஒவ்வொரு பன்னையும் தனித்தனியாக ஒரு மெல்லிய உறைக்குள் போடும் வேகம் நின்று பார்க்கத் தக்கது. ஒரு கையில் உறையை உதறித் திறந்து, மறு கையின் இடுக்கியால் பன்னை உள்ளே தள்ளி, வாயால் கணக்கையும் கூட்டிக்கொண்டே போவார். சூடான பன் என்றால் உறையின் வாயை மூடாமல் விட்டுவிடுவார். மூடினால் ஆவி உள்ளேயே தங்கி மேல் ஓடு நமுத்துப் போய்விடும். உங்களுக்குத் தரும்போது அது திறந்திருந்தால், இறுக்கிக் கட்டிவிடாதீர்கள்.

எந்த நேரத்தில் போவது நல்லது?

இந்தக் கடைகளைப் பொறுத்தவரை இதுவே முதன்மையான கேள்வி. எந்தக் கடை என்பதைவிட எந்த நேரம் என்பதே நீங்கள் சாப்பிடப் போவதன் தரத்தைத் தீர்மானிக்கிறது. புகழ்பெற்ற கடையில் ஆறிப்போன டார்ட்டைவிட, பெயர் தெரியாத கடையில் இப்போதுதான் தட்டோடு வெளியே வந்த டார்ட் பல மடங்கு மேலானது.

காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களுக்காக ஒரு சுற்று தயாராகும். பிற்பகலில், தேநீர் வேளையான மூன்று மணியையொட்டி இன்னொரு சுற்று வரும். டார்ட்டுகளுக்கும் அன்னாசி பன்னுக்கும் இந்தப் பிற்பகல் சுற்றுதான் பொருத்தமானது. காலை நேரத்து நெரிசலும் அப்போது இருக்காது. பின்கட்டுக் கதவு திறந்து, கையுறை போட்ட ஒருவர் கரிய இரும்புத் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தால், நீங்கள் எடுக்க நினைத்ததை மறந்துவிட்டு அந்தத் தட்டில் இருப்பதை வாங்குங்கள். இரவு கடை மூடும் நேரம் நெருங்கும்போது சில கடைகள் மீந்த பன்களை நான்கைந்தாகக் கட்டி விலை குறைத்து விற்கும். மறுநாள் காலை உணவுக்கு அது பரவாயில்லை; முதன்முதலாகச் சுவைப்பதற்கு அது நேரமல்ல.

அன்னாசி பன்னில் அன்னாசிப் பழம் இருக்கிறதா?

இல்லை. பன்னின் மேல் ஓடு வெடித்துக் கட்டம் கட்டமாகத் தெரிவதால் வந்த பெயர் அது. ஹாங்காங் மக்கள் பேசும் கான்டனீஸ் மொழியில் போ லோ பாவ் என்பார்கள்.

அந்த ஓடுதான் பன்னின் உயிர். சர்க்கரை, மாவு, முட்டை மஞ்சள் கரு, கொழுப்பு, சிறிதளவு உப்பவைக்கும் பொருள் ஆகியவற்றைப் பிசைந்து வட்டமாகத் தட்டி, புளித்து எழும்பிய பன் மாவின் மேல் போர்த்தி ஓவனில் வைக்கிறார்கள். உள்ளே பன் உப்பும்போது மேலே இருக்கும் சர்க்கரை மாவால் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. அது விரிசல் விட்டு, அப்படியே மொறுமொறுப்பாக இறுகிவிடுகிறது. ஹாங்காங்கின் ஈரக்காற்றில் அந்த மொறுமொறுப்பு நெடுநேரம் தாங்காது. கடித்ததும் ஓடு பொடிப்பொடியாக உதிர்ந்து சட்டையில் விழ வேண்டும்; விழவில்லை என்றால் நீங்கள் தாமதமாக வந்திருக்கிறீர்கள்.

இந்தப் பன்னைக் குறுக்கே வெட்டி, குளிர்ந்த வெண்ணெயில் கனமான ஒரு துண்டை நடுவில் வைத்துக் கொடுப்பது போ லோ யாவ். சூடான பன்னுக்குள் வெண்ணெய் முழுதாக உருகுவதற்குள் சாப்பிட வேண்டும் என்பதால் அது பெரும்பாலும் உணவகங்களில்தான் கிடைக்கும். பிரின்ஸ் எட்வர்ட் நிலையத்துக்கு அருகில் பியூட் தெருவில் உள்ள காம் வா உணவகம் அதற்குப் பெயர் பெற்றது. அன்னாசி பன்னையும் முட்டை டார்ட்டையும் செய்யும் கைத்திறன்கள், ஹாங்காங் அரசு 2014-இல் வெளியிட்ட பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றிருக்கின்றன.

முட்டை டார்ட் ஏன் இரண்டு விதமாக இருக்கிறது? எதை வாங்குவது?

நடுவில் இருக்கும் மஞ்சள் நிறக் கஸ்டர்ட் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே: முட்டை, சர்க்கரைப் பாகு, பெரும்பாலும் கெட்டிப்பால். வேறுபாடு கிண்ணத்தில்தான். ஒரு வகையில், நீர் சேர்த்த மாவையும் கொழுப்பு சேர்த்த மாவையும் மாற்றி மாற்றி மடித்துத் தேய்த்துச் செய்த, அடுக்கடுக்காக உதிரும் கிண்ணம் இருக்கும். மற்றதில் வெண்ணெய் கலந்த மாவை அச்சில் அழுத்திச் செய்த, பிஸ்கட்டின் தன்மை கொண்ட வழுவழுப்பான கிண்ணம் இருக்கும். பார்த்தாலே அடையாளம் தெரியும். விளிம்பில் மெல்லிய இதழ்கள் தெரிந்தால் அது அடுக்கு வகை. விளிம்பு சீராக இருந்தால் வெண்ணெய் வகை.

1954-இல் தொடங்கப்பட்ட டாய் சியோங் பேக்கரி வெண்ணெய் வகைக்குப் பெயர் பெற்றது. பிரிட்டிஷ் ஆட்சியின் கடைசி ஆளுநரான கிறிஸ் பாட்டன் அந்தக் கடை டார்ட்டின் ரசிகராக இருந்தது அங்கே எல்லோருக்கும் தெரிந்த செய்தி. சென்ட்ரல் பகுதியின் லிண்ட்ஹர்ஸ்ட் டெரஸில் இருந்த அக்கடை, வாடகை உயர்வால் 2005-இல் பழைய இடத்தை விட்டு வெளியேறி, சில மாதங்களில் அதே தெருவிலேயே மறுபடி திறந்தது. என் தேர்வு அடுக்கு வகைதான், ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டு: கொழுப்பு என்பது வழக்கமாகப் பன்றிக் கொழுப்பு. அதைச் சாப்பிடாதவர்களுக்கு வெண்ணெய் வகை ஓரளவு பாதுகாப்பானது என்றாலும், அங்கேயும் கேட்டுவிட்டே வாங்க வேண்டும்.

ஓவனிலிருந்து வந்தவுடன் கஸ்டர்ட் தளதளவென்று ஆடும். வாயைச் சுட்டுக்கொள்ளாமல் ஐந்து நிமிடம் பொறுத்தால் அது சற்றே இறுகி, கடிக்கும்போது வழியாமல் நிற்கும்.

மக்காவ் நகரத்தில் கிடைப்பது இதே டார்ட்தானா?

அல்ல. அதன் மேற்பரப்பு ஆங்காங்கே கருகிப் பழுப்பு நிறமாக இருக்கும். கஸ்டர்டும் கிரீம் சேர்ந்து செறிவாக இருக்கும். போர்ச்சுகல் நாட்டு டார்ட்டைத் தழுவி, ஆண்ட்ரூ ஸ்டோ என்ற ஆங்கிலேயர் 1989-இல் மக்காவ் நகரத்தின் கொலோவான் பகுதியில் திறந்த லார்ட் ஸ்டோ பேக்கரியிலிருந்து பரவியது அது. இரண்டையும் ஒப்பிட்டு எது உயர்ந்தது என்று வாதிடுவது வீண். ஹாங்காங் டார்ட் இலேசானது, மக்காவ் டார்ட் கனமானது.

முதல் தடவை எதையெல்லாம் வாங்கலாம்?

இரண்டு பேர் போனால் நான்கு பண்டங்களுக்கு மேல் வேண்டாம். விலை குறைவாக இருப்பதால் தட்டை நிரப்பிவிடத் தோன்றும். அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி ஆறிவிடும். ஓர் அன்னாசி பன், ஒரு முட்டை டார்ட், ஒரு கை மே பாவ் ஆகியவற்றோடு தொடங்கலாம்.

கை மே பாவ் என்பது, உள்ளே தேங்காய், சர்க்கரை, வெண்ணெய் கலந்த பூரணமும், மேலே இரண்டு வெள்ளைக் கோடுகளும் எள்ளும் கொண்ட நீள வாட்டமான பன். 1950-களில், விற்காமல் மீந்த பன்களை வீணாக்க மனமில்லாமல் அரைத்துச் சர்க்கரை சேர்த்துப் பூரணமாக்கியதில்தான் இது பிறந்தது என்பார்கள். தேங்காய் பழகிய நாக்குக்கு இது முதல் கடியிலேயே பிடித்துவிடும்.

இறைச்சி சாப்பிடுகிறவர்கள் நான்காவதாக, வாட்டிய பன்றி இறைச்சியைச் சிவந்த இனிப்புச் சாற்றில் புரட்டி உள்ளே வைத்த சா சியூ பாவை எடுக்கலாம். தேநீரோடு சிறு தின்பண்டங்களைப் பரிமாறும் டிம் சம் உணவகங்களில் ஆவியில் வேகவைத்த வெள்ளை நிறச் சா சியூ பாவைப் பார்த்திருப்பீர்கள். பேக்கரியில் கிடைப்பது ஓவனில் சுட்டு, மேலே பளபளப்பாக மெருகேற்றியது. சாசேஜைச் சுற்றி மாவைத் திருகிச் சுட்ட பன்னும் பள்ளிப் பிள்ளைகளிடம் செல்வாக்குள்ளது. அதை ஒரு தடவை சாப்பிட்டால் போதும் என்பது என் எண்ணம்.

நான் சைவம், ஆனால் முட்டையும் பாலும் சாப்பிடுவேன். எதை நம்பி வாங்கலாம்?

இதற்குச் சுருக்கமான பதில் கிடையாது. பெயரில் இறைச்சி இல்லாத பண்டத்திலும் மூன்று வழிகளில் அது வந்து சேரக்கூடும்.

முதலாவது பன்றிக் கொழுப்பு. அடுக்கு டார்ட்டிலும், லோ போ பெங் எனப்படும் உதிரும் இனிப்பிலும், பழைய முறைப்படி செய்த அன்னாசி பன்னின் ஓட்டிலும், சில சமயம் சிவப்புப் பயறு விழுதிலும் கூட அது இருக்கும். பல கடைகள் இன்று வெண்ணெய்க்கோ மார்கரினுக்கோ மாறிவிட்டன. ஆனால் கண்ணால் பார்த்து அதைத் தெரிந்துகொள்ள முடியாது. லோ போ பெங்கின் பூரணம் நம் ஊரில் காசி அல்வா செய்யும் அதே வெண்பூசணியைச் சர்க்கரையில் ஊறவைத்துச் செய்தது என்பதால், கேள்விப்பட்டவுடன் இது சைவம்தானே என்று வாங்கிவிடுவார்கள். பூரணம் சைவம்தான், சுற்றியுள்ள அடுக்குகளில்தான் சிக்கல்.

இரண்டாவது, இறைச்சித் துருவல். பன்னின் மேல் பொன்னிறத்தில் பஞ்சு மாதிரி தூவியிருக்கும் இழைகள் தேங்காய்த் துருவலோ வறுத்த சர்க்கரையோ அல்ல. காயவைத்து நாராகப் பிரித்த பன்றி இறைச்சி அது. தேங்காய்த் துருவல் வெளிர்நிறமாக, குட்டை குட்டையாக இருக்கும். இறைச்சித் துருவல் நீளமான இழையாக, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கும். மூன்றாவது, பதப்படுத்திய பன்றி இறைச்சியான ஹாம். மக்காச்சோளம், வெங்காயத்தாள், சீஸ் என்று மேலே தெரியும் காரப் பன்களில் பொடியாக நறுக்கிய ஹாம் கலந்திருப்பது வழக்கம். ஆகவே காரப் பன்கள் அனைத்தையும் விலக்கிவிடுவதே எளிய வழி.

மீதி இருப்பவற்றில் உலர்திராட்சை பன், வெறும் பால் பன், கை மே பாவ், சிவப்புப் பயறு பன், தேங்காய் டார்ட் ஆகியவற்றைக் கேட்டு வாங்கலாம். மூஸ் கேக்குகளிலும் பழக் கூழ் கேக்குகளிலும், விலங்குகளிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டின் இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

முட்டையும் சாப்பிடாதவர்களுக்கு ஏதேனும் உண்டா?

ஓவனில் சுட்டவற்றில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. மாவில் முட்டை இல்லாவிட்டாலும், பளபளப்புக்காக மேலே முட்டையைத்தான் தடவுகிறார்கள். ஆவியில் வெந்த இரண்டு பண்டங்கள் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் போவது பயனுள்ளது.

ஒன்று பாக் டோங் கோ. அரிசி மாவு, சர்க்கரை, தண்ணீர், ஈஸ்ட் ஆகிய நான்கை மட்டும் கொண்டு, புளிக்கவைத்து ஆவியில் வேகவைத்து, முக்கோணத் துண்டுகளாக வெட்டி விற்கப்படுகிறது. தேங்காய்ப்பால் ஊற்றாமல் செய்த வட்டயப்பத்தைச் சற்றே ஈரமாக, பளபளவென்று கற்பனை செய்துகொண்டால் அதுதான். வெட்டிய பக்கத்தைப் பார்த்தால், மேலிருந்து கீழாக நெருக்கமான துளைகள் ஓடியிருக்கும். புளிப்பு சரியாக ஏறியதற்கு அதுவே அடையாளம். துளை இல்லாமல் களியாக இருந்தால் வாங்க வேண்டாம். மற்றொன்று புட் சாய் கோ. சிறு கிண்ணங்களில் அரிசி மாவையும் சர்க்கரையையும் ஊற்றி, பெரும்பாலும் சிவப்புப் பயறு சேர்த்து வேகவைத்து, இரண்டு மூங்கில் குச்சிகளில் குத்தி எடுத்துத் தருவார்கள். இவை எல்லா பேக்கரிகளிலும் இருக்காது; பழைய குடியிருப்புப் பகுதிகளிலும், சந்தை ஓரத்து மாப்பண்டக் கடைகளிலும் தேட வேண்டும்.

சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பௌத்தர் பலர் சைவம் மட்டுமே உண்பார்கள். சீன மரபில் முழுச் சைவம் என்றால் வெங்காயமும் பூண்டும் கூட விலக்கப்படும். சைவ உணவகத்தின் பண்டங்களையும், முட்டை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு நீங்கள் வாங்கலாம்.

ஹலால் பேக்கரி உண்டா?

சாதாரணத் தெரு பேக்கரி ஹலால் அல்ல; ஒரே இடுக்கி, ஒரே தட்டு, ஒரே ஓவன் எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சிம் ஷா சுய் பகுதியில் பல பத்தாண்டுகளாக வணிகம் செய்துவரும் காயல்பட்டினத்துக்காரர்களிடம் விசாரித்தால், அந்தந்த நேரத்தில் நம்பகமான இடம் எது என்று சொல்வார்கள். வான் சாய் பகுதியில் உள்ள அம்மார் பள்ளிவாசல் கட்டடத்தின் ஐந்தாம் தளத்து உணவகத்தில் ஹலால் டிம் சம் கிடைக்கிறது. சீனத் தின்பண்டங்களை மன உறுத்தல் இல்லாமல் சாப்பிட அது நல்ல வழி. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின் கூட்டம் அதிகமாக இருக்கும்.

விலை எவ்வளவு? பணமாகத்தான் கொடுக்க வேண்டுமா?

சாதாரண பன்களும் டார்ட்டுகளும் பெரும்பாலும் 5 முதல் 12 ஹாங்காங் டாலர் வரை இருக்கும். சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் கடைகளில் கூடுதலாகவும் இருக்கும். ஹாங்காங் டாலர் 1983 முதல் அமெரிக்க டாலரோடு சுமார் 7.80 என்ற கணக்கில் பிணைக்கப்பட்டிருப்பதால், ஓர் அமெரிக்க டாலரின் ரூபாய் மதிப்பை எட்டால் வகுத்தால் ஏறத்தாழச் சரியான மதிப்பு கிடைத்துவிடும்.

கிளைக்கடைகளில், முன்கூட்டியே பணம் ஏற்றிவைக்கும் ஆக்டோபஸ் அட்டையைத் தட்டினால் போதும். சிறு தனிக்கடைகள் பலவற்றில் பணம் மட்டுமே வாங்குவார்கள். அங்கே 500 டாலர் தாளை நீட்டுவது யாருக்கும் உவப்பாக இருக்காது, சில்லறையும் 10, 20 டாலர் தாள்களும் வைத்துக்கொள்ளுங்கள். பன்னை நேரடியாகப் போடும் மெல்லிய உறைக்குக் கட்டணம் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிப் போகும் பிளாஸ்டிக் பைக்கு 2022 டிசம்பர் 31 முதல் குறைந்தது 1 டாலர் கொடுக்க வேண்டும். துணிப்பை கையில் இருந்தால் அதுவும் மிச்சம்.

கான்டனீஸ் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

வாங்குவதற்கு மொழியே தேவையில்லை. பொருளில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்பதற்குத்தான் தேவை. "இதில் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா?", "இதில் இறைச்சி இருக்கிறதா?" என்ற இரண்டு கேள்விகளையும் மரபுவழிச் சீன எழுத்தில் கைப்பேசியில் எழுதிச் சேமித்து வைத்து, கல்லாவில் காட்டுங்கள். சீன நிலப்பகுதியில் வழங்கும் எளிமையாக்கப்பட்ட எழுத்து வேறு. மொழிபெயர்ப்புச் செயலியில் மரபுவழி எழுத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னால் ஆறு பேர் நிற்கும்போது கேட்காமல், வரிசை குறைந்த நேரத்தில் கேட்டால் நிதானமான பதில் கிடைக்கும். பொருளை வாங்கும்போது, நன்றி என்னும் பொருளில் "ம் கோய்" என்று ஒரு சொல் சொன்னால் போதுமான மரியாதை.

இந்த பன்கள் ஏன் இவ்வளவு மென்மையாக இருக்கின்றன?

பாலும் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த மாவு என்பது ஒரு காரணம். கிழக்காசிய பேக்கரிகள் பலவற்றில் கையாளப்படும் இன்னொரு முறையும் உண்டு: மாவில் ஒரு சிறு பகுதியை எடுத்து, அதன் எடையைப்போல் ஐந்து மடங்கு தண்ணீர் ஊற்றி, சுமார் 65 டிகிரி செல்சியஸ் வரை கிளறிக் கஞ்சிப் பதத்துக்குக் கொண்டுவந்து, ஆறிய பின் மீதி மாவோடு சேர்த்துப் பிசைகிறார்கள். அந்தச் சூட்டில் மாவுச்சத்து வெந்து தண்ணீரைத் தன்னுள் பிடித்துக்கொள்கிறது. பன் சுட்ட பிறகும் அந்த ஈரம் உள்ளேயே தங்குவதால் மறுநாளும் காய்ந்து போவதில்லை. கெட்டியான மேலோட்டைக் கடித்து இழுத்துச் சாப்பிடும் ஐரோப்பிய ரொட்டியை விரும்புகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும்.

இனிப்பு போதவில்லையே, அப்படித்தானா?

அப்படித்தான். அங்கே ஓர் இனிப்பைப் பாராட்ட வேண்டுமென்றால் அதிகம் இனிக்கவில்லை என்றே சொல்வார்கள். ஜாங்கிரியும் லட்டும் சாப்பிட்டுப் பழகியவருக்கு முதல் பன் சப்பென்று தோன்றலாம். தேநீரோடு சாப்பிட்டால் அளவு சரியாக இருப்பது புரியும்.

உட்கார்ந்து தேநீரோடு சாப்பிட வேண்டுமானால்?

அதற்குச் சா சான் டெங் எனப்படும் தேநீர் உணவகங்கள் இருக்கின்றன. அவற்றில் சில தங்களுக்கென்று பேக்கரிப் பகுதியும் வைத்திருக்கும். வெளியே வாங்கிய பன்னை அங்கே கொண்டுபோய்ச் சாப்பிடக் கூடாது. மெட்ரோவில் கட்டணவாயிலைத் தாண்டிய பின் சாப்பிடுவதும் குடிப்பதும் விதிமீறல். பூங்கா இருக்கையோ கடைவாசல் ஓரமோதான் மிச்சம். உள்ளூர்க்காரர்களும் அதையே செய்கிறார்கள்.

தேநீர் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹாங்காங் பால் தேநீரின் அடிப்படை இலங்கைத் தேயிலைத் தூள்கள்தாம். மலையகத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிள்ளிவரும் கொழுந்து அது. பல ரகத் தூள்களைக் கலந்து, நீண்ட துணி வடிகட்டியில் மாற்றி மாற்றி ஊற்றிக் கடுஞ்சாயமாக இறக்கி, கெட்டிப்பால் சேர்க்கிறார்கள். இந்தக் கைத்திறன் 2017-இல் ஹாங்காங்கின் பண்பாட்டு மரபு முதன்மைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வாயில் ஒட்டும் அந்தத் துவர்ப்புக்கு அன்னாசி பன்னின் சர்க்கரை ஓடு மிகவும் பொருந்தும்.

ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

தட்டில் திறந்து வைத்து விற்கப்படும் பன்களில் உட்பொருள் பட்டியல் ஒட்டப்பட்டிருக்காது. கோதுமை, முட்டை, பால், எள், வேர்க்கடலை, பாதாம் எல்லாம் ஒரே மேசையில் புழங்குகின்றன. கடும் ஒவ்வாமை இருந்தால், பொட்டலத்தில் அடைத்து உட்பொருள் அச்சிட்ட பண்டங்களை மட்டும் வாங்குவது நல்லது.

நிலாப் பண்டிகை கேக் இந்தக் கடைகளில் கிடைக்குமா?

சந்திர நாட்காட்டியின் எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள் வரும் பண்டிகைக்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்து கிடைக்கும். தாமரை விதை விழுதுக்குள் உப்பில் ஊறிய வாத்து முட்டையின் மஞ்சள் கருவை வைத்துச் செய்வது வழக்கமான வகை. இது மலிவு விலைப் பண்டமல்ல. பெட்டியாக வாங்கிப் பரிசளிப்பதற்குரியது. ஒரு கேக்கை எட்டாக வெட்டி நாலைந்து பேர் தேநீரோடு பகிர்ந்துகொள்வதே முறை. முழுதாக ஒருவர் சாப்பிட முயன்றால் திகட்டிவிடும். யுவென் லாங் பகுதியில் 1943 முதல் இருக்கும் டாய் டுங் பேக்கரி இதற்கும் லோ போ பெங்குக்கும் பெயர் பெற்ற பழைய கடை.

ஹாங்காங் போகாமலே இவற்றைச் சுவைக்க முடியுமா?

முடியும். சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் சாலையில், ஸ்ரீ மாரியம்மன் கோயிலிலிருந்து சிறிது தொலைவிலேயே டோங் ஹெங் என்ற பழைய கடை இருக்கிறது. அங்கே முட்டை டார்ட் வட்டமாக இல்லாமல் சாய்சதுர வடிவில் இருக்கும். 2000-இல் அதே ஊரில் தொடங்கப்பட்ட பிரெட்டாக் நிறுவனம் இறைச்சித் துருவல் பன்னால் புகழ் பெற்றது என்பதை முன்னே சொன்ன எச்சரிக்கையோடு சேர்த்துப் படியுங்கள்.

கனடாவின் ஸ்கார்பரோவிலும் மார்க்கமிலும் வாழும் தமிழர்களுக்கு இது இன்னும் எளிது. 1997-இல் ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்படுவதற்கு முந்தைய ஆண்டுகளில் அங்கே குடியேறிய ஹாங்காங் மக்கள் தங்கள் பேக்கரிகளையும் கொண்டுவந்தார்கள். பசிபிக் மால் வட்டாரத்தில் கொத்து ரொட்டிக் கடையும் அன்னாசி பன் கடையும் ஒரே பயணத்தில் அடங்கிவிடும்.

வாங்கியதை மறுநாள் வரையோ ஊர் வரையோ வைத்திருக்கலாமா?

பன்களை அறை வெப்பத்தில் மறுநாள் காலை வரை வைக்கலாம். இறைச்சியோ கிரீமோ இருந்தால் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். மைக்ரோவேவில் சூடாக்கினால் அன்னாசி பன்னின் ஓடு தோல்போல் ஆகிவிடும். சிறு ஓவனில் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு ஓரளவு திரும்பும். முட்டை டார்ட்டை வாங்கிய அன்றே தீர்த்துவிட வேண்டும். ஊருக்கு எடுத்துவர ஏற்றவை பொட்டலமிட்ட பாதாம் பிஸ்கட்டுகளும், டின்னில் அடைத்த மொறுமொறுப்பான முட்டை ரோல் பிஸ்கட்டுகளும்தான். அவை பெட்டியில் நொறுங்காமல் இருக்கத் துணிகளுக்கு நடுவே வையுங்கள்.